கத்திரி மாமாவும் கிளம்பாத மெஷினும்

அன்றைக்கு மதியம் மூன்று மணிக்குக் கத்திரி மாமாவுக்கு ஒரு வேலை இருந்தது. உலகத்தில் அதைவிடப் பெரிய வேலை எவனுக்கும் கிடையாது என்பது அவர் முடிவு. பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னிரண்டு நாளாகக் கிடக்கிற பேத்தியை முதல்முறையாகக் கையில் வாங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மாதம் நிறையும்வரை பொறுக்காமல் முந்திக்கொண்டு வந்துவிட்ட குழந்தை அது. பன்னிரண்டு நாளும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. முந்தின நாள் சாயங்காலம் மகள் போனில் சொன்னாள்.

"அப்பா, எடை ஏறிடுச்சாம். நாளைக்கு மூணுலேர்ந்து நாலுக்குள்ள வந்தீங்கன்னா உங்க கையில குடுப்பாங்களாம். நாலு அடிச்சா யாரையும் உள்ள வெச்சுக்க மாட்டாங்க. நாளைக்கு விட்டா அடுத்த வாரம்தான்."

"ரெண்டரைக்கே வந்து வாசல்ல நிக்கிறேன் பாரு."

"நின்னுடுவீங்க. வேலியை விட்டுட்டு வருவீங்களா?"

மகள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்த வேலி அப்படிப்பட்டது. பாட்டிலுக்கு மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மாமா தோட்டக்காரர். வாசலிலிருந்து அலுவலகம் வரைக்கும் இருநூறு அடிக்கு ஆள் உயரத்தில் பச்சை வேலி. இருபத்தாறு வருஷமாக அதைக் கைக்கத்திரியால் வெட்டி வெட்டித்தான் அவருக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பெயர் ஒட்டியதோடு போகாமல் வலது தோளில் ஒரு வலியும் ஒட்டிக்கொண்டது. மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் அந்தத் தோள் சொல்லிவிடும்.

அதனால் பெட்ரோலில் ஓடும் வேலி வெட்டும் மெஷின் ஒன்று வாங்கித் தரச் சொல்லி மூன்று வருஷம் நச்சரித்தார். போன வாரம்தான் வந்தது. வந்த அன்றே கைக்கத்திரியைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிப் போட்டுவிட்டு, போடுகிறபோது "இனிமே என் கண்ணுல படாதே" என்று சொல்லிவிட்டும் வந்தார்.

மெஷின் வந்ததும் முதல் பயம் விரல்களைப் பற்றித்தான். அடுத்த தெருத் தோட்டக்காரர் ஒருவருக்கு ஊரே வைத்த பெயர் ஒன்பதரை. பத்து விரலில் அரை விரல் குறைவு. ஓடிக்கொண்டிருந்த மெஷினில் மாட்டிய குச்சியை எடுக்கப் போய் வாங்கிய பட்டம் அது. "மெதுவாத்தான்யா ஓடிட்டிருந்துது" என்று இன்றைக்கும் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார், ஏதோ மெதுவாக வெட்டினால் வலிக்காது என்பதுபோல.

மாமாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மெஷினோடு வந்த புத்தகத்தை மகள்தான் படித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, செருப்புப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் ஏழு படமாக வரைந்து கொடுத்தாள். ஒன்றாவது படத்தில் வேலியைச் சுற்றி நடக்கும் மனிதர்: கம்பி, கயிறு, பாட்டில் உள்ளே கிடக்கிறதா பார். இரண்டாவதில் கண்ணாடி, கையுறை, மூடின செருப்பு. மூன்றாவதில் பெட்ரோல் ஊற்றிய இடத்தை விட்டுப் பத்தடி தள்ளிப் போ. நாலாவதில் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் குமிழை ஏழு தடவை அமுக்கி, காற்றை அடைக்கும் சோக்கை மூடி, மெஷினைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கயிறை இழு. ஐந்தாவது படம்தான் முக்கியம். ஒரு குட்டி மேகம். அதற்குள் "டுப்" என்று எழுதியிருந்தது. அந்தச் சத்தம் ஒரு தடவை கேட்டதும் சோக்கைத் திறந்துவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். ஆறாவது, கிளம்பிவிட்ட மெஷின். ஏழாவதில் ஒரு கை, அதன் மேல் பெரிய பெருக்கல் குறி. அந்தக் கைக்கு மகள் நாலரை விரல்தான் போட்டிருந்தாள்.

மூடியைத் தோட்டச் சாமான் அறையில் ஆணியில் மாட்டியிருந்தார். அதைப் பார்த்துப் பார்த்தே நாலு நாள் பின்பக்கப் புதர்களில் ஒழுங்காக வேலை நடந்தது. மூன்றாவது இழுப்பில் டுப், ஐந்தாவது இழுப்பில் பறக்கும்.

அந்த ஐந்தாம் நாள்தான் இந்த நாள்.

காலை எட்டு மணிக்கு சூப்பர்வைசர் வந்து நின்றார். அவருக்கு ரூல்ஸ் என்று பெயர். அவர் காதுபடவே கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குத் தலைமை ஆபீஸ்லேர்ந்து பெரியவங்க வர்றாங்க. முன்பக்க வேலி முடியாம நீங்க கேட்டை தாண்டக் கூடாது."

"சார், ரெண்டு மணிக்கு நான் போகணும். பேத்தியை..."

"முடிச்சிட்டு எத்தனை மணிக்கு வேணா போங்க. ஒரு மணிக்கே போங்க, யாரு வேணாங்கிறது?" என்றவர், ஒரு பையிலிருந்து புத்தம் புதிய காதடைப்பானை எடுத்து நீட்டினார். இரண்டு பக்கமும் தடித்த வடைபோல இருந்தது. "மெஷினைத் தொடுறதுக்கு முன்னாடி இதை மாட்டணும். ரூல்ஸ்."

மாமா மனதுக்குள் கணக்குப் போட்டார். மெஷின் இருந்தால் நாலு மணி நேர வேலை. பன்னிரண்டரைக்கு முடியும். குளித்து, சட்டை மாற்றி, ஒன்றரை பஸ்ஸைப் பிடித்துவிடலாம். பார்த்தால் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதையாகத்தான் தெரிந்தது.

படம் ஒன்றின்படி வேலியைச் சுற்றி நடந்து ஒரு பிளாஸ்டிக் பையையும் பந்து ஒன்றையும் பொறுக்கினார். பெட்ரோலும் ஆயிலும் கலந்து வைத்த கேனிலிருந்து ஊற்றினார், பத்தடி தள்ளி வந்தார். கண்ணாடி, கையுறை, புதிதாகக் காதடைப்பான். மாட்டியதும் உலகமே பஞ்சுக்குள் போய்விட்டது. குமிழை ஏழு தடவை அமுக்கினார். சோக்கை மூடினார். இழுத்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. டுப் வரவில்லை. நாலு, ஐந்து. பத்து வரை இழுத்தார். பதினைந்து. தோள் முனகியது.

"என்னடா உனக்கு இன்னிக்கு?" என்றார் மெஷினிடம். அவர் குரலே அவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மறுபடி ஏழு தடவை குமிழ். மறுபடி இழுப்பு. முப்பது வரை எண்ணி அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டார். பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. வாசல் வாட்ச்மேன் இரண்டு தடவை வந்து கையை ஆட்டி ஏதோ சொன்னான். நல்ல பையன்தான், நாற்பது வயசு, ஆனால் வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன். "அப்புறம் பேசலாம் போடா" என்று கையை வீசி விரட்டினார்.

ஒன்பது மணி ஆனது. ஒன்பதரை ஆனது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இடையில் ரூல்ஸ் வந்து, தலைமை ஆபீஸ்காரர்களை வரவேற்கும் பலகையை எங்கே கட்டுவது என்று இரண்டு ஆட்களோடு அங்கும் இங்கும் அளந்துகொண்டிருந்தார். போகிற போக்கில் மாமாவின் காதடைப்பானை ஒரு பக்கம் தூக்கி, "பேசாம பழைய கத்திரியாலயே வெட்டிடலாமே" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடினார்.

"அது போன வாரமே எடைக்குப் போயிடுச்சு சார்." கத்திரியை ஏசி அனுப்பியது இப்போது தொண்டையில் முள்ளாகக் குத்தியது. இருந்தாலும்தான் என்ன, அதை வைத்து இருநூறு அடி வெட்ட மூன்று நாள் ஆகும்.

பத்து மணிக்கு மெஷினை உதைக்கக் காலைத் தூக்கிவிட்டார். கால் பெருவிரல் ஞாபகம் வந்து இறக்கினார். வேலி நிழலில் பொத்தென்று உட்கார்ந்து, காதடைப்பானைக் கழற்றி எறிந்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, இப்பவே பஸ் ஏறிட்டீங்களா?"

"நீ வேற. சனியன் கிளம்ப மாட்டேங்குதும்மா. எட்டு மணியிலேர்ந்து இழுக்கறேன். உன் படம் நாலுலயே நிக்கிறேன், அஞ்சுக்குப் போகவே முடியலை."

"டுப் கேக்கவே இல்லையா?"

"ஒரு தடவைகூடக் கேக்கலை."

பின்னாலிருந்து வாட்ச்மேன் குரல் வந்தது. "எனக்குக் கேட்டுச்சே மாமா."

மாமா மெதுவாகத் திரும்பினார். "எப்போ?"

"முதல்லயே. நாலாவது இழுப்புல டுப்புன்னு இருமுச்சு. அதைச் சொல்லத்தானே ரெண்டு தடவை வந்தேன். நீங்க ஈ ஓட்டற மாதிரி ஓட்டிட்டீங்க."

"சத்தமா சொல்லக் கூடாதாடா?"

"கத்தினேன் மாமா. அந்தக் கேன்டீன் அக்கா வெளிய வந்து என்னன்னு கேட்டாங்க. உங்களுக்குத்தான் கேக்கலை. காதுல வடை."

போனில் மகள் சிரித்துச் சிரித்து, தையல் வலிக்கிறது என்று நிறுத்தினாள். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. இரண்டு மணி நேரமும் சோக்கை மூடி வைத்துக்கொண்டு, பெட்ரோலைக் குடி குடி என்று மெஷினின் வாயில் ஊற்றியிருக்கிறார். எந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாரோ, அதே சத்தத்துக்குக் கதவைச் சாத்திவிட்டும் நின்றிருக்கிறார்.

"சரிப்பா, அதுக்கும் புத்தகத்துல இருக்கு. என் போன்ல படம் எடுத்து வெச்சிருக்கேன், இருங்க." படித்துச் சொன்னாள். "ப்ளக்கைக் கழட்டுங்க. ஈரமா இருக்கும், துடைச்சு வைங்க. ப்ளக் இல்லாம கயிறை ஏழெட்டுத் தடவை இழுங்க, உள்ள தேங்கினது வெளிய வந்துடும். முகத்தை அந்த ஓட்டைக்கு நேரா வைக்காதீங்க. பக்கத்துல யாரும் பீடி பிடிக்கலையே?"

வாட்ச்மேன் காதில் செருகியிருந்த பீடியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"கொஞ்ச நேரம் காய விடுங்க. அப்புறம் ப்ளக்கை மாட்டி, சோக்கைத் திறந்தே வெச்சு இழுங்க. குமிழைத் தொடாதீங்க."

ப்ளக் மழையில் நனைந்த கோழிபோல இருந்தது. துடைத்தார். இழுத்தார். ஓட்டையிலிருந்து பெட்ரோல் துப்பியது. கால் மணி நேரம் காய வைப்பதற்குள் கடிகாரத்தைப் பதினோரு தடவை பார்த்தார். மாட்டி, பெட்ரோல் சிந்திய இடத்தை விட்டுத் தள்ளிப் போய், காதடைப்பானில் ஒரு பக்கத்தை மட்டும் நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு இழுத்தார். ஆறாவது இழுப்பில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு மெஷின் அலறியது.

மணி பத்தே முக்கால்.

அதற்கப்புறம் மாமா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, உடம்பை விட்டுத் தள்ளி, கீழிருந்து மேலாக வீசி வீசிப் போனார். இலை பறந்தது. மனசுக்குள் எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. ரூல்ஸ் மேல் எரிச்சல், வாட்ச்மேன் மேல் எரிச்சல், தன் மேல் எல்லாவற்றையும்விட எரிச்சல். பசியில் வயிறு ஒரு பக்கம் இழுத்தது. ஒன்றரை ஆனபோது நூற்றெண்பது அடி முடிந்திருந்தது. அலுவலகப் பக்கம் இருபது அடிதான் பாக்கி. ஒன்றரை பஸ் போய்விட்டது, ஆனால் இரண்டேகால் பஸ் இருக்கிறது.

அங்கேதான் க்ரீச் என்று ஒரு சத்தம். பிளேடு நின்றுவிட்டது. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் இலைக்குள் கட்டுக்கம்பி. பற்களுக்கு நடுவே இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றது. கம்பியின் மறுமுனை எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்தார். வேலிக்கு முன்னால் நின்ற பெரிய பலகைக்குப் போனது. 'வருக வருக.'

காலையில் அவர் சுற்றிப் பார்த்தபோது அந்தக் கம்பி அங்கே இல்லை. ரூல்ஸ் பத்து மணிக்குக் கட்ட வைத்தது. பலகை கண்ணெதிரே நிற்கிறது. அதைக் கட்டிய கம்பி இலைக்குள் எங்கெல்லாம் ஓடும் என்று மறுபடி ஒரு சுற்று நடந்து பார்க்காதது இவர் பிழை. எட்டு மணிக்குப் பார்த்த வேலி ஒன்றரைக்கும் அதே வேலியா?

ஆக்ஸிலேட்டரிலிருந்து விரலை எடுத்தார். எஞ்சின் மெதுவாக ஓடியது. கம்பியின் நுனி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு இழுப்பு. நிறுத்தினால் இந்தச் சூட்டில் மறுபடி கிளம்புமோ என்னவோ. நிறுத்தாமல் இழுத்தால் ஒரு நிமிஷ வேலை. மணி ஒன்று முப்பத்திரண்டு. இடது கை தானாகவே நீண்டது.

மெதுவாத்தான்யா ஓடிட்டிருந்துது.

கை அந்தரத்தில் நின்றது. அதைப் பார்த்தார். ஐந்து விரல். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் இந்தக் கையில்தான் ஒன்றரைக் கிலோ தேறின ஒன்றை வைக்கப்போகிறார்கள்.

"போடா," என்று மெஷினைத் திட்டிவிட்டு எஞ்சினை அணைத்தார். மெஷினைத் தரையில் வைத்து, ப்ளக் மேலிருந்த தொப்பியையும் பிடுங்கினார். கட்டிங் பிளேயரால் கம்பியை நறுக்கினார். கடைசிச் சுற்று விடுபட்டதும், அணைந்து கிடந்த மெஷினிலேயே பிளேடு சடக்கென்று ஒரு பல் அளவு நகர்ந்து நின்றது. எஞ்சின் இல்லாமலே அந்த வேகம். மாமா இடது கை விரல்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்.

ஒரு பல் வளைந்துபோயிருந்தது. இனி அதைச் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது. இருபது அடி பாக்கி.

நேரே ரூல்ஸ் மேஜைக்குப் போனார். நறுக்கின கம்பியை அவர் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்ன இது?"

"உங்க வருக வருக சார். வேலிக்குள்ள விட்டுக் கட்டியிருக்கீங்க. பல்லு போச்சு. என் விரல் போகாதது நான் வாங்கிட்டு வந்த வரம்."

ரூல்ஸ் கம்பியைப் பார்த்தார். மாமா முகத்தைப் பார்த்தார். "சரி... ஆனா வேலி முடியலையே?"

"பாக்கி இருபது அடி. உங்க பலகை இருபத்திரண்டு அடி. பலகை நிக்கிறவரைக்கும் பின்னாடி காடே இருந்தாலும் எவனுக்கும் தெரியாது. நாளன்னிக்கு பலகையைக் கழட்டுங்க, நான் வெட்டறேன்."

"ரூல்ஸ்படி..."

"ரூல்ஸ்படி வேலியில கம்பி கட்டலாமா சார்?"

ரூல்ஸ் டீயைக் குடித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மாமா ஓடினார். குளிக்க நேரமில்லை. சட்டை மட்டும் மாற்றினார்.

இரண்டேகால் பஸ் இரண்டு முப்பத்தைந்துக்கு வந்தது. வழியில் ஒரு லாரி குறுக்கே நின்று பத்து நிமிஷத்தை விழுங்கியது. ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பொறுமைகூட இல்லாமல் படியில் ஏறினார். மூன்று முப்பத்தாறு.

நர்ஸ் வாசலிலேயே மறித்தாள். "முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவுங்க தாத்தா."

தாத்தா. அந்தச் சொல்லை அனுபவிக்கக்கூட நேரம் இல்லை. கழுவினார். அவள் கையை எடுத்து முகர்ந்தாள்.

"பெட்ரோல் வாசனை அடிக்குது. இன்னொரு தடவை."

கழுவினார். "நகத்துக்குள்ள." மறுபடி கழுவினார். மூன்று நாற்பத்தெட்டு. மேலே ஒரு பச்சை அங்கியைப் போர்த்தினாள். பிறகு அவர் கைகளைப் பார்த்தாள்.

"ஏன் இப்படி நடுங்குது? சர்க்கரை இருக்கா?"

"இல்லம்மா. மெஷின் பிடிச்ச கை. விர்ருனு இருக்கும். கொஞ்ச நேரத்துல அடங்கிடும்." சொன்னாரே தவிர, விரலெல்லாம் தேனீக்கூடு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. அடங்குவதாகக் காணோம்.

"அடங்கட்டும், அப்புறம் தரேன்."

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். காலை எட்டு மணியிலிருந்து விழுங்கின அத்தனை எரிச்சலும் மேலே வந்து நின்றது. உள்ளேயிருந்து மகள் குரல் கேட்டது. "அவரை உக்கார வெச்சுத் தலையணை மேல வைக்கலாமே சிஸ்டர். இவளும் ஒரு மணி நேரமா அழுதுக்கிட்டே இருக்கா. நானும் தாளம் போட்டுப் பார்த்துட்டேன், நிறுத்தற வழியைக் காணோம்."

நர்ஸ் யோசித்தாள். நாற்காலியைக் காட்டினாள். மடியில் தலையணை, தலையணை மேல் மாமாவின் இரண்டு கை, கை மேல் துணியில் சுற்றிய பேத்தி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம், அதில் பாதி வாய். அந்த வாய் முழுக்க அழுகை.

கை நடுங்கியது. அவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் நிற்கவில்லை. விர்ர்ர் என்ற அந்தச் சின்ன அதிர்வு துணிக்குள் போனது. அழுகை ஒரு தடவை தடுமாறியது. இன்னொரு தடவை. வாய் மூடியது. குழந்தை எதையோ உற்றுக் கேட்பதுபோல் புருவத்தைச் சுருக்கிற்று. அப்புறம் ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்கிப்போனது.

நர்ஸ் அருகில் வந்து குனிந்து, மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தாள். வருகிறது என்று தலையை ஆட்டினாள்.

"அப்பா," என்று மகள் கிசுகிசுத்தாள். "மெஷினை ஆஃப் பண்ணிடாதீங்க."

சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. ரூல்ஸாகத்தான் இருக்கும். பலகையைக் காற்று சாய்த்துவிட்டதோ, பெரியவர்கள் இன்றைக்கே வந்துவிட்டார்களோ. மாமா எடுக்கவில்லை. எடுக்க அவருக்குக் கை காலியாக இல்லை.